சிறப்புப் படை வீரர்களின் நினைவு நூல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். படைப்பிரிவில் பணியாற்றியவர்கள் எழுதிய நினைவு நூல்களைச் சில ஆண்டுகளாக நண்பர்களுக்கு இரவல் கொடுத்து வருகிறேன். நூல் திரும்பி வரும்போதெல்லாம் கூடவே கேள்விகளும் வருகின்றன. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எஸ்.ஏ.எஸ். என்பது விமானப்படையா? பெயரில் ‘ஏர்’ வருகிறதே?

இல்லை, அது தரைப்படையைச் சேர்ந்தது. பெயரே எதிரிக்கு வைத்த கண்கட்டு. 1941ஆம் ஆண்டு ஜூலையில் டேவிட் ஸ்டெர்லிங் என்ற இளம் அதிகாரி வட ஆப்பிரிக்காவில் இதைத் தொடங்கியபோது அவரிடம் இருந்தது மிகச் சிறிய கூட்டம். அந்த வட்டாரத்தில் பிரிட்டனிடம் பாராசூட் படை ஒன்று முழு அளவில் இருப்பதாக எதிரியை நம்பவைப்பதற்காக, ஏட்டில் மட்டுமே இருந்த ‘ஸ்பெஷல் ஏர் சர்வீஸ் பிரிகேட்’ என்ற பெயரை இந்தக் கூட்டத்துக்குச் சூட்டினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பாராசூட்டில் குதித்து நடத்திய முதல் தாக்குதல் புயலில் சிக்கிப் பாழானது. போனவர்களில் பாதிப் பேர்கூடத் திரும்பவில்லை. அதன் பிறகுதான் வண்டிகளில் பாலைவனத்தைக் கடந்து எதிரியின் விமானத் தளங்களைத் தாக்கும் முறைக்கு மாறிப் பெயர் பெற்றார்கள்.

1945இல் கலைக்கப்பட்ட படை, மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் நடந்துகொண்டிருந்தபோது, 1950இல் காட்டுப் போருக்காகத் திரட்டப்பட்ட ஒரு பிரிவின் வழியே முழுநேரப் படையாக மீண்டும் உயிர் பெற்று, 1952இல் 22ஆவது எஸ்.ஏ.எஸ். ஆனது. இன்றைய நினைவு நூல்கள் பெரும்பாலும் ஹெரிஃபோர்டு நகரை இருப்பிடமாகக் கொண்ட இந்த 22ஆவது பிரிவைப் பற்றியவைதாம். அதில் இருந்தவர்கள் தம் எழுத்தில் ‘எஸ்.ஏ.எஸ்.’ என்று சொல்வது குறைவு. ‘ரெஜிமென்ட்’ என்றே சொல்வார்கள்.

‘பேட்ரோல்’, ‘ட்ரூப்’, ‘ஸ்குவாட்ரன்’ என்று வருவது ஒன்றும் புரியவில்லை.

நான்கு பேர் சேர்ந்தது பேட்ரோல்; தேவைக்கேற்ப எட்டுப் பேராகவும் அமையும். ஏட்டளவில் பதினாறு பேர் கொண்டது ட்ரூப். நான்கு ட்ரூப்கள் சேர்ந்தது ஸ்குவாட்ரன். ஏ, பி, டி, ஜி என்று நான்கு ஸ்குவாட்ரன்கள். ஒவ்வொரு ஸ்குவாட்ரனிலும் வான்வழி, படகு, வண்டி, மலை என்று எதிரிப் பகுதிக்குள் நுழைய ட்ரூப்புக்கு ஒரு வழி உண்டு. இவ்வளவு தெரிந்தால் எந்த நூலையும் தடங்கலின்றிப் படித்துவிடலாம்.

உள்ளே சேருவது உண்மையிலேயே அவ்வளவு கடினமா, இல்லை மிகைப்படுத்துகிறார்களா?

இந்த ஒரு விஷயத்தில் மிகைப்படுத்தத் தேவையே இல்லை. வேல்ஸில் உள்ள பிரெக்கன் பீக்கன்ஸ் மலைகளில் வாரக்கணக்கில் நடக்கும் தேர்வின் கடைசி நடை சுமார் 64 கிலோமீட்டர். ‘பெர்கன்’ என்று அவர்கள் அழைக்கும் முதுகுப் பையில் 25 கிலோவுக்குக் குறையாத சுமையும் கையில் துப்பாக்கியும் கொண்டு, வரைபடத்தை மட்டும் நம்பித் தனியாக 20 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். படித்தவர்களை வியக்கவைப்பது வேறொன்று. பயிற்சியாளர்கள் யாரும் கத்துவதில்லை, திட்டுவதில்லை, தட்டிக்கொடுப்பதும் இல்லை. அடுத்த இடத்தின் வரைபட எண்ணைச் சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்பார்கள். வசவுக்குப் பழகிய சிப்பாய்க்கு இந்த மௌனம்தான் பெரிய சோதனை என்று பலரும் எழுதியிருக்கிறார்கள்.

மலையைத் தாண்டியவர்களுக்குக் காட்டுப் பயிற்சி, அதன்பின் தப்பித்து மறைதல், இறுதியில் விசாரணையைத் தாங்கும் பயிற்சி. போர்க் கைதி சொல்லக் கடமைப்பட்டவை பெயர், பதவி, படை எண், பிறந்த தேதி ஆகிய நான்குதாம் என்பது ஜெனீவா உடன்படிக்கையின் விதி. அதற்கு மேல் வாய் திறக்காமல் இருக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். இவை எல்லாம் வெறும் வீரக்கதை அல்ல என்பதற்கு 2013ஆம் ஆண்டு ஜூலை சாட்சி: அதே மலையில், கடும் வெயிலில் நடந்த தேர்வு நடையின் விளைவாக, பகுதிநேரப் படையினர் மூவர் இறந்தனர்.

தேறியவுடன் பதவி உயர்வு கிடைக்குமா?

தலைகீழ். வேறு ரெஜிமென்டில் சார்ஜெண்டாக இருந்தவரும் இங்கே ‘ட்ரூப்பர்’ என்ற அடிநிலையில்தான் தொடங்க வேண்டும். அதிகாரிகளுக்கு இது பொருந்தாது. ஆனால் அவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார்கள், சிப்பாய்கள் பல்லாண்டு இருப்பார்கள். நினைவு நூல்களில் அதிகாரிகளை ‘ரூபர்ட்’ என்று கேலி செய்யும் தொனி இந்த ஏற்பாட்டிலிருந்து பிறந்தது. வேலை தெரிந்தவர் கீழேயும், வந்து போகிறவர் மேலேயும் இருக்கும் எந்த அலுவலகத்திலும் இதே கேலியைக் கேட்கலாம்.

இரகசியப் படை என்கிறார்கள். பிறகு எப்படி இத்தனை நூல்கள்?

1980 மே 5ஆம் நாள் வரை பிரிட்டிஷ் மக்களிலேயே பலர் இப்படி ஒரு படை இருப்பதை அறிந்திருக்கவில்லை. அன்று மாலை, இலண்டனில் ஆறு நாள்களாக ஆயுததாரிகளின் பிடியில் இருந்த ஈரான் தூதரகத்துக்குள் முகமூடி அணிந்தவர்கள் புகுந்ததைத் தொலைக்காட்சி நேரலையாகக் காட்டியது. அந்த நாளிலிருந்து அவர்களைப் பற்றிய நூலுக்கு வாசகர் கூட்டம் தயாராக இருந்தது. ஆனால் மதகு திறந்தது 1991 வளைகுடாப் போருக்குப் பிறகுதான். அப்போரில் பிரிட்டிஷ் படைகளுக்குத் தலைமை தாங்கியவரும், தூதரக மீட்பின்போது எஸ்.ஏ.எஸ். இயக்குநராக இருந்தவருமான ஜெனரல் பீட்டர் டி லா பிலியேர் 1992இல் தம் போர் நினைவுகளை வெளியிட்டார். 1993இல் ஆண்டி மெக்நாப் என்ற புனைபெயரில் ஒரு சார்ஜெண்டின் நூல் வந்தது. 1995இல் கிறிஸ் ரயன் என்ற புனைபெயரில் அவருடைய தோழர் ஒருவரின் நூல். தளபதி எழுதலாம், சிப்பாய் எழுதக் கூடாதா என்ற கேள்விக்கு அப்போது யாரிடமும் நல்ல விடை இல்லை.

அரசு 1996இல் விழித்துக்கொண்டது. எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் பணி குறித்து எதையும் வெளியிட மாட்டேன் என்று ஒவ்வொருவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்று விதித்தார்கள். ஆகவே, ஒரு நூலைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது பதிப்பு ஆண்டை. 1996க்கு முந்தையது என்றால் ஆசிரியர் தம் பொறுப்பில் எழுதியது. பிந்தையது என்றால் அது அனுமதியோடு வந்ததா, ஒப்பந்தத்தோடு மோதி வந்ததா என்பதையும் கேட்க வேண்டும்.

ஏன் எல்லோரும் புனைபெயரில் எழுதுகிறார்கள்?

எல்லோரும் அல்ல. வட அயர்லாந்தில் பணியாற்றியவர்களுக்குப் பழிவாங்கல் குறித்த அச்சம் இருந்தது, அது நியாயமானது. அதே நேரத்தில், கறுப்புப் பட்டையால் முகம் மறைத்த அட்டைப்படம் நூலை விற்கவும் உதவியது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம்.

ஈராக்கில் மாட்டிக்கொண்ட எட்டுப் பேரின் கதையை இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்களே, யாரை நம்புவது?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். யாரும் மறுக்காதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1991 ஜனவரியில், ‘பிராவோ டூ ஸீரோ’ என்ற அழைப்புப் பெயர் கொண்ட எட்டுப் பேர் பேட்ரோல் ஒன்று, ஸ்கட் ஏவுகணைகளின் போக்குவரத்தைக் கண்காணிக்க, ஈராக்கின் மேற்குப் பாலைவனத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்பட்டது. வண்டி வேண்டாம் என்று முடிவு செய்து, ஆள் தாங்கமுடியாத சுமையை முதுகில் ஏற்றிப் போனார்கள். கொடுக்கப்பட்ட வானொலி அலைவரிசைகள் அந்த வட்டாரத்துக்கு உரியவை அல்ல. ஆகவே தளத்தோடு முறையான தொடர்பு இல்லை. சீக்கிரமே கண்டுபிடிக்கப்பட்டு, சிரியாவின் எல்லையை நோக்கி ஓடினார்கள். அந்த ஆண்டு பாலைவனத்தில் பனி பொழிந்தது. குளிரில் விறைத்து இருவர் இறந்தனர், ஒருவர் சுடப்பட்டு இறந்தார், நால்வர் பிடிபட்டனர், ஒருவர் மட்டும் சுமார் 300 கிலோமீட்டர் நடந்து சிரியாவை அடைந்தார். அவர்தான் ரயன், பேட்ரோலின் தலைவராக இருந்து பிடிபட்டவர் மெக்நாப்.

முரண்பாடு தொடங்குவது சண்டைக் காட்சிகளில். எதிரியின் எண்ணிக்கை, வந்த கவச வண்டிகள், வீழ்ந்தவர்களின் தொகை ஆகியவற்றில் நூல்கள் ஒத்துப்போகவில்லை. பின்னாளில் மைக்கேல் ஆஷர் என்பவர் இவற்றைச் சரிபார்க்க ஈராக்குக்கே போனார். தாமும் எஸ்.ஏ.எஸ். பகுதிநேரப் பிரிவில் இருந்தவர், அரபு மொழி தெரிந்தவர், பாலைவனப் பயணத்தில் தேர்ந்தவர். அங்கே வசித்த, பாலைவன நாடோடிகளான பெதூயின் குடும்பத்தினர், அன்று சுட்டவர்கள் தங்களில் ஒரு சிலர்தான் என்றும், நூல்களில் வரும் பெருஞ்சண்டை நடக்கவே இல்லை என்றும் அவரிடம் சொன்னார்கள். 2002இல் அது நூலாக வந்தது. அதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டில், வளைகுடாப் போரின்போது படைப்பிரிவின் ரெஜிமென்டல் சார்ஜெண்ட் மேஜராக இருந்த பீட்டர் ராட்கிளிஃப், வீரர்கள் திரும்பி வந்து அளித்த விவரிப்புக்கும் அவர்களுடைய நூல்களுக்கும் பொருத்தமில்லை என்று தம் நினைவு நூலில் எழுதியிருந்தார்.

யாரை நம்புவது என்பதற்கு என் விடை: குளிரை நம்புங்கள், தாகத்தை நம்புங்கள், பயத்தை நம்புங்கள், எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். இருட்டில் ஓடிக்கொண்டே சுடுகிறவர் எதிரில் வீழ்ந்தவர்களை நின்று எண்ணுவதில்லை.

அப்படியானால் பொய் சொல்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

ஒரேயடியாக அப்படிச் சொல்ல மாட்டேன். எட்டுப் பேரும் சீக்கிரமே சிதறிப் போனதால் ஒருவர் பட்டதை மற்றவர் பார்க்கவில்லை. உறக்கமும் உணவும் இல்லாத நாள்களின் நினைவு யாருக்கும் ஒழுங்காக இருக்காது. இவற்றோடு பதிப்பகத்தின் அவசரமும், கதை சுவையாக நகரவேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துகொள்கின்றன. ஆனால் பெதூயின் குடும்பத்தின் வாக்குமூலமும் சதாம் உசேன் ஆட்சியில், ஓர் ஆங்கிலேயரிடம், பத்து ஆண்டுகளுக்குப் பின் சொல்லப்பட்டது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அவர்களையும் அதே உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பதுதான் முறை.

நான் பொறுத்துக்கொள்ளாதது ஒன்று உண்டு. அந்தப் பேட்ரோலில் குளிரில் இறந்த சார்ஜெண்ட் ஒருவர்மீது, கண்டுபிடிக்கப்பட்டதற்கும் பின்னடைவுக்கும் பழி விழும்படி எழுதப்பட்டது. அவர் பதில் சொல்ல உயிரோடு இல்லை. குடும்பத்தினர்தாம் அவருக்காகப் பேச வேண்டியிருந்தது. அலைவரிசையைத் தவறாகக் கொடுத்தவரும் வண்டி வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் இருக்க, இறந்தவரின் கைநடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது மனந்திறந்த எழுத்து ஆகாது.

ஒப்பந்தத்தை மீறி எழுதினால் சிறையா? கையெழுத்துப் போட மறுத்தால் என்ன செய்வார்கள்?

மறுத்தால் ‘ஆர்.டி.யூ.’, அதாவது வந்த பழைய ரெஜிமென்டுக்கே திருப்பி அனுப்புதல். சிறப்புப் படிச் சம்பளம் போகும், தொப்பியில் உள்ள சின்னம் போகும். வழக்கமாக ஒழுங்கீனத்துக்குத் தரப்படும் தண்டனை இது. மேலே சொன்ன எட்டுப் பேரில் ஒருவர் நியூசிலாந்துக்காரர். நீதிமன்ற ஆவணங்கள் அவரை ‘ஆர்’ என்றே குறிக்கின்றன. அவர் கையெழுத்திட்டார், பிறகு படையை விட்டு ஊர் திரும்பி நூல் எழுதினார். பிரிட்டிஷ் அரசு நியூசிலாந்து நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வற்புறுத்தலால் பெற்ற கையெழுத்து செல்லாது என்று முதல் நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது. 2003 மார்ச்சில், நியூசிலாந்துக்கு அப்போது இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் அதையே உறுதிசெய்தது. சட்ட ஆலோசனை பெறும் வாய்ப்பின்றி மேலதிகாரி சொன்னதற்குக் கையெழுத்திட்டவரின் ஒப்புதலை ஏற்க முடியாது என்று நீதிபதி ஸ்காட் பிரபு மட்டும் மாறுபட்டார்.

தீர்ப்பின் பின்பாதிதான் சுவையானது. ஒப்பந்தம் செல்லும், ஆனால் நூலுக்குத் தடை இல்லை; இலாபத்தை அரசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். நூல் 2004இல் வெளிவந்தது. ஆக, ஒப்பந்தத்தை மீறியதற்காக மட்டும் சிறை இல்லை; பணம் கையைவிட்டுப் போகும். அரசாங்க இரகசியச் சட்டத்தின்கீழ் வரும் செய்தியை வெளியிட்டால் அது தனிக் குற்றம்.

அட்டையில் ‘மனந்திறந்து’ என்று போடுகிறார்கள். எதைப் பற்றித்தான் மனந்திறக்கிறார்கள்?

நல்ல நூல்களில், தம்மைப் பற்றி. எதிரியைப் பற்றிய பக்கங்களைவிடக் காத்திருத்தலைப் பற்றிய பக்கங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. வட அயர்லாந்தில் ஒரு வேலியோரப் பள்ளத்தில் நாள்கணக்கில் அசையாமல் படுத்துக்கிடப்பது, புகைக்காமல், சமைக்காமல், மலத்தையும் பையில் கட்டித் தம்மோடு எடுத்து வருவது, கடைசியில் யாரும் வராமல் வெறுங்கையோடு திரும்புவது: பணிக்காலத்தின் பெரும்பகுதி இப்படிப் போனது என்று ஒப்புக்கொள்ளும் ஆசிரியரை நான் நம்பத் தொடங்குகிறேன். பக்கத்துக்குப் பக்கம் குண்டு வெடிக்கும் நூலில் அந்த நம்பிக்கை வருவதில்லை.

இன்னொன்று குடும்பம். அழைப்பு வந்தால் எங்கே, எத்தனை நாள் என்று மனைவியிடம் சொல்லாமல் போக வேண்டும். வந்த பின்னும் சொல்லக் கூடாது. மணமுறிவுகள் இந்நூல்களில் சாதாரணமாக வந்துபோகின்றன, பெரும்பாலும் ஒரே பத்தியில். அந்த ஒரு பத்தியின் சுருக்கமே பல நேரங்களில் நூலின் மிக வெளிப்படையான இடம் என்று எனக்குத் தோன்றும். சண்டைக்கு நாற்பது பக்கம் கொடுத்தவருக்கு மகளின் பிறந்தநாளைப் பற்றி எழுத இரண்டு வரிதான் வருகிறது.

மூன்றாவது, ஓய்வுக்குப் பின். நாற்பது வயதில் வெளியே வருகிறவருக்குக் கதவை உடைத்துப் புகத் தெரியும், ஆனால் வேலைக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாது. பலர் போய்ச் சேருவது ‘சர்க்யூட்’ என்று அவர்கள் அழைக்கும் தனியார் பாதுகாப்புத் தொழிலில். இந்தச் சொல்லை நினைவில் வையுங்கள், இரண்டு கேள்விகள் தள்ளி மீண்டும் வரும்.

ஆளைக் கொன்றதைப் பற்றி வெளிப்படையாக எழுதுகிறார்களே, சட்டம் சும்மா விடுமா?

எழுதப்படுபவை பெரும்பாலும் போர்க்களத்தில் நடந்தவை. சிக்கலான நிகழ்வுகள் வேறு வழியில்தான் வெளியே வந்தன. 1988 மார்ச் 6 அன்று ஜிப்ரால்டரில் வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதமேந்திய ஐ.ஆர்.ஏ. இயக்கத்தைச் சேர்ந்த மூவரை எஸ்.ஏ.எஸ். வீரர்கள் சுட்டுக் கொன்றனர்; மூவரிடமும் ஆயுதம் இல்லை. அந்த நடவடிக்கை வாழும் உரிமையை மீறியது என்று 1995இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பத்துக்கு ஒன்பது என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. சுட்டவர்கள் நம்பியது தவறான தகவல், ஆனால் அவர்கள் அதை மெய்யாகவே நம்பினார்கள் என்றும், பிழை நடவடிக்கையைத் திட்டமிட்டு நடத்தியவர்களிடம் இருந்தது என்றும் நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. ஆப்கானிஸ்தானில் 2010 முதல் 2013 வரை பிரிட்டிஷ் சிறப்புப் படையினர் நடத்திய இரவுச் சோதனைகளில் சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் நடந்தனவா என்பதை ஆராய, 2022 டிசம்பரில் நீதிபதி ஹாடன்கேவ் தலைமையில் விசாரணை ஆணையம் அறிவிக்கப்பட்டது.

நினைவு நூல் அலமாரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த வாசகருக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரிந்திருக்காது. ஒப்பந்தம் வாயை அடைக்கிறது என்பது ஒரு காரணம். தோழனைக் காட்டிக்கொடுக்கும் நூலை எழுத யாருக்கும் மனம் வராது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

எஸ்.ஏ.எஸ். இலங்கையில் இருந்ததாகச் சொல்கிறார்களே, இந்நூல்களில் ஏன் காணோம்?

நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் கே.எம்.எஸ். நிறுவனத்தைப் பற்றியதாக இருக்கும். முன்னாள் எஸ்.ஏ.எஸ். அதிகாரிகள் 1970களில் தொடங்கிய தனியார் நிறுவனம் அது. முன்பு சொன்ன ‘சர்க்யூட்’டின் தொடக்க கால முகம். 1984 முதல் இலங்கைக் காவல்துறையின் சிறப்பு அதிரடிப்படைக்கு, அதாவது தமிழ் மக்கள் எஸ்.டி.எஃப். என்று அறிந்து அஞ்சிய படைக்கு, அது பயிற்சி அளித்தது. அதன் விமானிகள் ஹெலிகாப்டர்களையும் ஓட்டினார்கள். இது தனியார் வணிகம் என்று பிரிட்டிஷ் அரசு ஒதுங்கிக்கொண்டது. இலண்டன் பெருநகரக் காவல்துறை இந்த நிறுவனத்தவரின் மீதான போர்க்குற்றப் புகாரை விசாரிக்கத் தொடங்கியது 2020இல்.

நூல்களில் ஏன் இல்லை என்றால், ரெஜிமென்டில் இருந்த ஆண்டுகள்தாம் கதை என்று ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் கோடு போட்டுக்கொள்கிறார்கள். அதற்குப் பின் வந்த கூலி வேலைக்கு ஒரு அத்தியாயம், சில நேரம் ஒரு வாக்கியம். கிழக்கிலங்கையில் பிறந்த வாசகருக்கு அந்த விடுபட்ட அத்தியாயம்தான் முதலாவதாகத் தேவைப்படும்.

இவ்வளவு குறை சொல்கிறீர்களே, பிறகு எதற்குப் படிக்க வேண்டும்?

ஓமானில் தோஃபார் மாகாணத்தில் 1970 முதல் ஆறு ஆண்டுகள் எஸ்.ஏ.எஸ். போரிட்டது. 1972 ஜூலை 19 விடியற்காலையில் மிர்பாத் என்ற சிறு துறைமுக ஊரை இருநூற்றைம்பது பேருக்குக் குறையாத கிளர்ச்சியாளர்கள் சூழ்ந்தபோது, அங்கே இருந்த எஸ்.ஏ.எஸ். வீரர்கள் ஒன்பது பேர். தலைமை தாங்கியவர் கேப்டன் மைக் கீலி. ஃபிஜித் தீவைச் சேர்ந்த சார்ஜெண்ட் லபலபா, பல பேர் சேர்ந்து இயக்கவேண்டிய பழைய பீரங்கியை, தாடையில் குண்டு பட்ட நிலையிலும் இயக்கி, அங்கேயே இறந்தார். பிரிட்டிஷ் அரசு இந்தப் போரைப் பற்றி ஊரறியப் பேச விரும்பவில்லை; பதக்கங்களும் சில ஆண்டுகள் கழித்தே வந்தன. அன்றைய காலை எப்படி இருந்தது என்பது வெளியுலகுக்குத் தெரியவந்ததில் அங்கே இருந்தவர்களின் சொல்லுக்கும் எழுத்துக்கும் பெரும்பங்கு உண்டு. எதிர்த்தரப்பில் இறந்தவர்களின் பெயர்கள் இந்நூல்களில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் எதை எடுப்பது? எந்த வரிசையில் படிப்பது?

ஈராக் பேட்ரோலைப் பற்றி மெக்நாபும் ரயனும் எழுதிய இரண்டு நூல்களை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றை முடித்த கையோடு அடுத்ததைத் தொடங்குங்கள், இடையில் வேறு நூல் வேண்டாம். ஒரே இரவு இரண்டிலும் வரும் பக்கங்களைக் குறித்துவைத்து அருகருகே படியுங்கள். அதன்பின் ராட்கிளிஃப். கடைசியாக ஆஷர், அவரை முதலில் படித்தால் மற்றவர்களைத் திறந்த மனத்தோடு படிக்க முடியாமல் போகும். என்னிடம் இருக்கும் பிரதிகளில் அந்தப் பக்கங்களை பென்சிலால் ஏற்கெனவே குறித்திருக்கிறேன், அழித்துவிடாமல் திருப்பித் தந்தால் போதும்.